கையெழுத்தாகாமல் எழுந்து போவது ஏன்?

உங்கள் கேள்வி இது: இரண்டு நாட்டுத் தலைவர்களும் பேச விரும்பித்தான் வருகிறார்கள். கூடவே விவரம் தெரிந்த அதிகாரிகளும் வருகிறார்கள். அப்படியும் 2001-ல் ஆக்ராவில் பிரதமர் வாஜ்பாய்க்கும் பாகிஸ்தானின் முஷாரஃபுக்கும் நடுவே நடந்ததுபோல ஓரிரு சொற்களுக்காக எல்லாம் முறிந்துபோவது எப்படி? அந்தச் சொல்லை யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?

ஆக்ராவைக் கேட்டதால் அங்கேயே தொடங்குகிறேன். அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். 2001 ஜூலை 16, திங்கட்கிழமை. கூட்டறிக்கை எந்த நேரமும் வரலாம் என்று முதல் பக்கத்தில் பெரிய இடம் விட்டு வைத்திருந்தோம். இரண்டு தலைப்புகள் தயாராக இருந்தன: உடன்பாடு ஆனால் ஒன்று, ஆகாவிட்டால் ஒன்று. வெளியூர்ப் பதிப்புகள் அச்சுக்குப் போகவேண்டிய நேரம் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தது. நள்ளிரவை ஒட்டி, முஷாரஃப் கிளம்பிவிட்டார், அஜ்மீர் தர்காவுக்கும் போகவில்லை என்று செய்தி வந்தது. இரண்டாவது தலைப்பைப் போட்டுப் பக்கத்தை அனுப்பினோம்.

அந்த நாளில் எனக்கு இன்றும் மறக்காமல் இருப்பது வேறொரு சின்ன விஷயம். சாயங்காலம் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, காஷ்மீரைப் பற்றிப் பாகிஸ்தான் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் 'முக்கியப் பிரச்சினை' என்று எழுதியிருந்தேன். பொறுப்பில் இருந்த மூத்தவர் அதை அடித்துவிட்டு 'மையப் பிரச்சினை' என்று எழுதினார். "முக்கியம்னா பத்துல ஒண்ணா இருக்கலாம் தம்பி. மையம்னா மத்த ஒம்பதும் அதைச் சுத்தி நிக்கணும். அங்க சண்டையே அதுக்குத்தான்" என்றார்.

அவர் சொன்னது சரி. 'மையம்' என்று இந்தியா ஒத்துக்கொண்டால், வணிகம், சிறைக் கைதிகள், அணு ஆயுதப் பாதுகாப்பு, பயங்கரவாதம் என்று மற்ற எல்லாமே காஷ்மீர் தீரும்வரை வரிசையில் நிற்கவேண்டும் என்றாகிவிடும். பதிலுக்கு இந்தியா 'எல்லை தாண்டிய பயங்கரவாதம்' என்ற சொல் அறிக்கையில் இருக்கவேண்டும் என்றது. அதைப் பாகிஸ்தான் ஒத்துக்கொண்டால், காஷ்மீரில் நடப்பது விடுதலைப் போராட்டம் என்று அதுவரை தன் மக்களுக்குச் சொல்லிவந்தது என்ன ஆவது? ஆக, அங்கே தட்டிய ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே வீட்டில் யாருக்கோ கொடுத்துவிட்ட வாக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் விட்டுக்கொடுப்பதுகூட ஒரு மாதிரி முடிந்துவிடும். விட்டுக்கொடுத்ததை ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லவேண்டும் பாருங்கள், அங்கேதான் கால் பின்வாங்குகிறது. நான் பார்த்த, படித்த முறிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

ஆக்ராவுக்கு வந்த இருவரின் நிலையையும் பாருங்கள். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூருக்குப் போய்க் கையெழுத்திட்டுவிட்டு வந்தார். சில மாதங்களில் கார்கில். இந்தியத் தரப்பில் உயிரிழந்த வீரர்கள் 527 பேர் என்பது அரசின் கணக்கு. அந்தப் போரை நடத்திய ராணுவத் தளபதி முஷாரஃப். அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சியைப் பிடித்தார். 2001 ஜூனில், ஆக்ராவுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்னால், தன்னைக் குடியரசுத் தலைவராகவும் ஆக்கிக்கொண்டார். அவரை அழைத்துப் பேச வாஜ்பாய் முடிவெடுத்தது பெரிய மனசு, பெரிய துணிச்சலும்கூட. ஆனால் கார்கிலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கும் நாட்டில், பயங்கரவாதம் என்ற சொல்லே இல்லாத ஓர் அறிக்கையோடு அவரால் டெல்லிக்குத் திரும்ப முடியாது. முஷாரஃபுக்கும் அப்படித்தான். தேர்தலில் ஜெயித்து வந்தவர் இல்லை அவர். அவர் நின்றது ராணுவத்தின் தோளில். காஷ்மீருக்கு முதலிடம் வாங்காமல், ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டிக்குப் போய் என்ன சொல்வார்?

இதில் தப்பு யார் மேல் என்று உடனே கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், அந்த மூன்று நாளைப் பார்த்துவிடலாம்.

ஜூலை 14 டெல்லியில். முஷாரஃப் தான் பிறந்த வீட்டை, தரியாகஞ்சில் உள்ள நெஹர்வாலி ஹவேலியை, மனைவியோடு போய்ப் பார்த்தார். நெகிழ்ச்சியான காட்சி, எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. அதே நாளில் உள்துறை அமைச்சர் அத்வானி அவரைச் சந்தித்து, மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட தாவூத் இப்ராஹிமை ஒப்படைக்கவேண்டும் என்ற பேச்சை எடுத்தார். அத்வானி பிற்பாடு எழுதிய தன்வரலாற்றில், அதைக் கேட்டதும் முஷாரஃபின் முகம் மாறிப்போனதை எழுதியிருக்கிறார்.

15-ம் தேதி ஆக்ராவில் வாஜ்பாயும் முஷாரஃபும் தனியாகப் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள் என்று இரண்டு தரப்பும் சொன்னது. அன்று மாலை தகவல் ஒலிபரப்பு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், என்னென்ன பேசப்பட்டன என்று செய்தியாளர்களுக்குச் சொன்னார். பயங்கரவாதம் அந்தப் பட்டியலில் இருந்தது, காஷ்மீர் இல்லை. பாகிஸ்தான் தரப்பு கொதித்தது. மறுநாள் காலை முஷாரஃப் இந்தியப் பத்திரிகை ஆசிரியர்களோடு சிற்றுண்டி சாப்பிட்டபடி மனம்விட்டுப் பேசினார். காஷ்மீரைத் தள்ளிவைத்துவிட்டு எதைப் பேசுவது என்ற ரீதியில் அவர் பேசியதெல்லாம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இந்தியத் தரப்பு கொதித்தது.

இந்த இரண்டும் சேர்ந்து பேச்சை எந்த அளவுக்குக் கெடுத்தன என்பதை நான் அன்று உணரவில்லை. எங்களுக்கு அது நல்ல செய்தி, அவ்வளவுதான். இப்போது யோசித்தால் தெரிகிறது. அறைக்குள் ஒருவர் தன் பேச்சைச் சற்று மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. அதே பேச்சை நாட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டபின், மாற்றிக்கொண்டால் அது பின்வாங்கல். காலையில் கோடிக்கணக்கானோர் பார்க்க ஒன்றைச் சொல்லிவிட்டு, மாலையில் அதற்குக் குறைந்த ஒன்றில் கையெழுத்திட எந்தத் தலைவரால் முடியும்?

அப்படியிருந்தும் ஜஸ்வந்த் சிங்கும் அப்துல் சத்தாரும், இரண்டு வெளியுறவு அமைச்சர்கள், ஒரு வரைவை உருவாக்கினார்கள். அது இந்திய அமைச்சர்களின் பார்வைக்கு வந்தபோது நின்றது. பயங்கரவாதத்தைப் பற்றிச் சரியாக ஏதும் இல்லாத வரைவை ஏற்கக்கூடாது என்று தான் எதிர்த்ததாக அத்வானியே எழுதியிருக்கிறார். முஷாரஃப் தன் நினைவுக் குறிப்பில் எழுதியது: எல்லாம் முடிவான பிறகு இந்தியத் தரப்பு பின்வாங்கியது, நம் இருவருக்கும் மேலே, நம் முடிவை மாற்றக்கூடிய யாரோ இருக்கிறார்போல என்று கிளம்பும்போது வாஜ்பாயிடம் சொன்னார்.

அவர் அதை வருத்தத்தோடு, குற்றச்சாட்டாகச் சொன்னார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மக்களாட்சியில் பிரதமருக்கு மேலே அமைச்சரவை உண்டு, நாடாளுமன்றம் உண்டு, வாக்காளர் உண்டு. அவர்களை முன்கூட்டியே கலந்துகொள்ளாமல் வரைவை எழுதத் தொடங்கியதுதான் பிழை. முன்னரே ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி நிரல் இல்லாமல், மனம்விட்டுப் பேசினால் வழி பிறக்கும் என்று இரண்டு பேரும் நம்பி வந்தார்கள். நம் ஊரில் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு மாற்றப் போகும்போது யாராவது நகை எத்தனை பவுன் என்று பேச ஆரம்பிப்பார்களா? அதையெல்லாம் மாமாவும் சித்தப்பாவும் வாரக்கணக்கில் நடையாய் நடந்து முடித்திருப்பார்கள். பந்தலில் பேச ஆரம்பித்தால் சொந்தபந்தம் முன்னால் இரண்டு அப்பாக்களும் இறங்கிவர முடியாது.

2019 பிப்ரவரியில் வியட்நாம் தலைநகர் ஹனோயிலும் இதே கதைதான். டிரம்பும் கிம் ஜோங் உன்னும் மெட்ரோபோல் ஹோட்டலில் சந்தித்தார்கள். மதிய விருந்துக்கு மேசை போட்டு, தட்டுகள் வைத்து, பெயர் அட்டைகள்கூடத் தயார். விருந்து நடக்கவேயில்லை. யோங்பியோன் அணு வளாகத்தைக் கலைக்கிறோம், முக்கியமான ஐ.நா. தடைகளை நீக்குங்கள் என்றார் கிம். அது போதாது என்றார் டிரம்ப். அதற்கு முந்தைய வாரங்களில் அதிகாரிகள் சந்தித்தபோது, அணு ஆயுதத்தைப் பற்றிப் பேச வடகொரிய அதிகாரிகளுக்கு அதிகாரமே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கடினமான முடிச்சு முழுவதையும் தலைவர்களின் இரண்டு நாளுக்கு ஒதுக்கிவைத்தால், அவிழாவிட்டால் அதற்கு மேலே போக ஆளில்லை. அதிகாரிகள் மட்டத்தில் முறிந்தால் அமைச்சர் இருக்கிறார், அமைச்சர் மட்டத்தில் முறிந்தால் தலைவர் இருக்கிறார். தலைவரே எழுந்து போய்விட்டால்?

சரி, இந்த வரைவு வரைவு என்கிறேனே, அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கூட்டறிக்கை வரைவில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட வரிகள் சாதாரணமாக இருக்கும். ஒத்துக்கொள்ளாதவை சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். சில இடத்தில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. பேச்சு நடத்துவது என்பதே பெரும்பாலும் அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான். சுலபமானவை முதல் நாளே போய்விடும். கடைசி ராத்திரியில் மூன்றோ நான்கோ மிஞ்சும். வெளியே இருப்பவர்களுக்கு, இத்தனை பக்கம் முடிந்துவிட்டது, மூன்று சொல்தானே பாக்கி என்று தோன்றும். உண்மையில் மொத்தச் சண்டையும் வடிந்து வந்து அந்த மூன்று சொல்லில்தான் நிற்கிறது.

2015 டிசம்பர் 12, பாரிஸ் பருவநிலை மாநாட்டின் கடைசி நாள். கிட்டத்தட்ட 200 நாடுகள், இரண்டு வார உழைப்பு. இறுதி வரைவில் ஓரிடத்தில், வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதில் முன்னிற்க 'வேண்டும்' என்று கட்டாயமாக்கும் சொல் வந்துவிட்டது. அமெரிக்கத் தரப்பு பதறியது. அது சட்டக் கடமை ஆகிவிட்டால் ஒப்பந்தத்தை செனட்டின் ஒப்புதலுக்குக் கொண்டுபோக வேண்டிவரும், அங்கே தேறாது. கடைசியில் அதை எழுத்துப் பிழையாகக் கருதி, கட்டாயம் குறைந்த சொல்லாக மாற்றியதாக மேடையில் படித்தார்கள். ஒப்பந்தம் நிறைவேறியது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் ('shall', 'should') இடையே சில எழுத்துகள்தான் வித்தியாசம். அதைத் தாண்ட முடியாமல் செய்தது பாரிஸ் அரங்கில் இருந்த எந்த எதிரியும் இல்லை, வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த செனட்.

சொல்கூட வேண்டாம், மேசையே போதும். வியட்நாம் போரை நிறுத்த 1968-ல் பாரிஸில் கூடியவர்கள், என்ன வடிவ மேசையில் உட்காருவது என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். உலகமே தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் நான்கு பக்க மேசை என்றால் தென் வியட்நாமின் கெரில்லாக்களான தேசிய விடுதலை முன்னணி ஒரு தனித் தரப்பு என்றாகிவிடும். இரண்டு பக்கம் என்றால் அவர்கள் வட வியட்நாமின் ஆட்கள் மட்டுமே. தென் வியட்நாமை ஆண்ட சைகோன் அரசுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 1969 ஜனவரியில்தான் முடிவானது: நடுவே ஒரு வட்ட மேசை, அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் 45 செ.மீ. தள்ளி எழுதுபவர்களுக்கு இரண்டு சின்ன நீள்சதுர மேசைகள். பார்ப்பவர் இரண்டு என்றும் சொல்லலாம், நான்கு என்றும் சொல்லலாம். அந்த வாரங்களிலும் போர் நிற்கவில்லை, ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒரு சொல்லில் முறிந்ததற்கு ஆக்ராவைவிடத் தெளிவான சாட்சி ரெய்க்யவிக். 1986 அக்டோபர் 11, 12. ஐஸ்லாந்தின் தலைநகரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஹோஃப்தி என்ற வெள்ளை வீடு. அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும், கூட வெளியுறவு அமைச்சர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். முதல் நாள் இரவு முழுக்க நிபுணர்கள் கண் விழித்து உட்கார்ந்தார்கள்: அமெரிக்கத் தரப்பில் பால் நிட்ஸ, சோவியத் தரப்பில் மார்ஷல் அக்ரமேயெவ். நீண்டதூர அணு ஆயுதங்களைப் பாதியாகக் குறைப்பது என்று வந்தார்கள். ஐரோப்பாவில் நடுத்தர ஏவுகணைகளே வேண்டாம் என்று வந்தார்கள். இரண்டாம் நாள் எல்லா அணு ஆயுதங்களையுமே ஒழித்துவிடலாம் என்றுகூட இரண்டு பேரும் பேசினார்கள். அவ்வளவு தூரம் அதற்கு முன்னும் யாரும் போனதில்லை, பின்னும் போகவில்லை.

நின்ற இடம் 'ஆய்வகம்' என்ற சொல். விண்வெளியில் ஏவுகணைத் தடுப்புக் கவசம் அமைக்கும் ரீகனின் திட்டம் பத்து வருடத்துக்கு ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றார் கோர்பச்சேவ். முடியாது என்றார் ரீகன். ஒரே ஒரு சொல்லுக்காகவா இவ்வளவையும் விடுகிறீர்கள் என்று ரீகன் கேட்க, இது வெறும் சொல் இல்லை, கொள்கை என்று அவர் சொல்ல, பேச்சு சுற்றிச்சுற்றி அங்கேயே வந்தது.

அந்த உரையாடலின் குறிப்புகள் பிறகு வெளியாயின. நான் அதைப் படித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது ஏவுகணை எண்ணிக்கை இல்லை. கடைசி நேரத்தில் இருவரும் தங்கள் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தத் திட்டத்தைக் கைவிடமாட்டேன் என்று என் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறார் ரீகன். விண்வெளியில் சோதனை நடத்த அமெரிக்காவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு மாஸ்கோவுக்குப் போனால் என்னை முட்டாள் என்பார்கள், பொறுப்பற்ற தலைவன் என்பார்கள் என்கிறார் கோர்பச்சேவ். உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த இரண்டு மனிதர்கள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் என்ன சொல்வார்களோ என்று ஒருவருக்கொருவர் மன்றாடுகிறார்கள். வெளியே வந்தபோது எடுத்த படத்தில் ரீகனின் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

ஆனால் ரெய்க்யவிக் வீண்போகவில்லை. அங்கே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தார் கோர்பச்சேவ்: ஒன்றை ஏற்காவிட்டால் எதுவும் இல்லை. 1987 பிப்ரவரியில் அவரே மூட்டையை அவிழ்த்தார். நடுத்தர ஏவுகணைகளைத் தனியாகப் பேசலாம், விண்வெளிக் கவசம் அதற்குக் குறுக்கே வராது என்றார். அந்த டிசம்பர் 8-ம் தேதி வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991-க்குள் இரண்டு நாடுகளும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. ஆகவே ஒரு பேச்சு முறிந்தது என்றால், பேசிய எல்லாமே செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிராளி எதுவரை வருவார் என்று அந்த அறையில் தெரிந்துகொண்டது மறக்காது.

முறிய இருந்து முறியாமல் போனதையும் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் முழுசாகும். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை, பதின்மூன்று நாள், அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட். எகிப்தின் சதாத், இஸ்ரேலின் பெகின், நடுவே அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். முதல் மூன்று நாளிலேயே சதாத்தும் பெகினும் இரைந்து சண்டை போட, அதன்பிறகு இருவரையும் நேருக்கு நேர் பேச உட்காரவைப்பதையே கார்ட்டர் விட்டுவிட்டார். ஒரே வரைவை அமெரிக்கர்கள் எழுதி, இங்கே காட்டித் திருத்தி, அங்கே காட்டித் திருத்தி, இருபதுக்கு மேற்பட்ட முறை மாற்றி எழுதினார்கள். மலைமேல் காட்டுக்குள் இருக்கும் இடம் அது. செய்தியாளர்களுக்கு உள்ளே வழியில்லை. ஆக்ராவில் நாங்கள் எல்லோரும் கதவருகே காதை வைத்துக்கொண்டிருந்தோமே, அது அங்கே இல்லை.

பெகினின் முடிச்சு, எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்திருந்த சினாய்ப் பகுதியில் கட்டிய இஸ்ரேலியக் குடியிருப்புகள். அவற்றை ஒருநாளும் கலைக்கமாட்டேன் என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார். அதை அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமைச்சராக இருந்த ஆரியல் ஷரோன், குடியிருப்புகளை விடமாட்டேன் என்பதில் பெகினைவிடக் கெட்டி. பெகினின் குழுவில் இருந்த ஒரு ராணுவ அதிகாரி ஷரோனைத் தொலைபேசியில் பிடித்துப் பேச, பாதுகாப்பைப் பொறுத்தவரை குடியிருப்புகளைக் காலி செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை என்று ஷரோனே பெகினிடம் சொல்லிவிட்டார். அப்புறம், நான் கலைக்கிறேன் என்று பெகின் கையெழுத்திடத் தேவையில்லை, நாடாளுமன்றத்தின் வாக்குக்கு விடுகிறேன் என்றால் போதும் என்று வரைவை எழுதினார்கள். அவர் வாக்கு தவறவில்லை. முடிவு அவர் கையிலும் இல்லை. அந்த மாதக் கடைசியில் இஸ்ரேல் நாடாளுமன்றம் 84-க்கு 19 என்று நிறைவேற்றியது.

கடைசி நாளில் ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தில் மறுபடி எல்லாம் கவிழப் பார்த்தது. பெகின் தன் பேரக் குழந்தைகளுக்காகக் கையெழுத்திட்ட படங்கள் கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பேரக் குழந்தையின் பெயரை எழுதி, அவரே பெகினின் குடிலுக்கு எடுத்துப்போனார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார், குரல் தழுதழுத்தது. சற்று மாற்றி எழுதிய கடிதத்தை ஏற்றுக்கொண்டார். இதை வைத்து, பாசத்தால் சமாதானம் வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. ஷரோனின் தொலைபேசி இல்லாமல் அந்தப் படங்கள் மட்டும் போதியிருக்காது. ஆனால் அந்தப் படங்களும் வேண்டியிருந்தன என்றே நினைக்கிறேன். சதாத் தன் வீட்டை அந்த அளவுக்குத் தயார் செய்யவில்லை. அவருடைய வெளியுறவு அமைச்சர் அங்கேயே பதவி விலகினார். 1981-ல் ராணுவ அணிவகுப்பில் தன் சொந்த வீரர்களின் கையாலேயே சதாத் உயிரிழந்தார். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தலைவர்கள் அஞ்சுவதை நாம் எளிதாகக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுகிறோம். சில சமயம் அது உயிர்ப்பயம்.

அதே கேம்ப் டேவிட்டில் 2000 ஜூலையில் இஸ்ரேல் பிரதமர் பராக், பாலஸ்தீனத் தலைவர் அராஃபத், நடுவே அமெரிக்க அதிபர் கிளின்டன். இரண்டு வாரம் பேசி, ஒன்றும் ஆகவில்லை. பராக் கிளம்புவதற்கு முன்பே அவர் கூட்டணியிலிருந்து மூன்று கட்சிகள் விலகிவிட்டன. அராஃபத், இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர். தோற்றால் பழியை உங்கள்மேல் போடமாட்டேன் என்று கிளின்டன் சொன்னதை நம்பி வந்தவர். பேச்சு ஜெருசலேமின் அல்-அக்ஸா வளாகத்தில் வந்து நின்றது. அது உலக முஸ்லிம்கள் எல்லோருக்கும் உரிய இடம், அதை நான் ஒருவன் எப்படி விட்டுத்தருவது என்பது அவர் நிலை. எகிப்து போன்ற அரபு நாடுகளின் தலைவர்களை முன்னரே கலந்து அவருக்குத் துணை நிற்க வைத்திருந்தால் வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ. அவர்களுக்குப் பேச்சு நடக்கும்போதுதான் அவசரமாகத் தொலைபேசி போனது. முடிந்ததும் கிளின்டன் பராக்கைப் புகழ்ந்து, பழியை அராஃபத் பக்கம் தள்ளினார். இரண்டே மாதத்தில் அங்கே ரத்தம் ஓட ஆரம்பித்தது. நடுவர் கொடுத்த வாக்கை மீறியதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அடுத்த முறை கூப்பிடும்போது யார் நம்பி வருவார்?

இன்னொரு வகை முறிவும் உண்டு, அதில் சொல்லுக்கோ வரைவுக்கோ இடமே இல்லை. 1991 ஜனவரி 9, ஜெனீவா. குவைத்திலிருந்து வெளியேற இராக்குக்கு ஐ.நா. விதித்த கெடு 15-ம் தேதி. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், அதிபர் புஷ் சதாமுக்கு எழுதிய கடிதத்தை இராக்கின் தாரிக் அஜீஸிடம் கொடுத்தார். அஜீஸ் படித்தார். இந்தத் தொனியில் எழுதிய கடிதத்தை நான் எடுத்துப்போக முடியாது என்று மேசைமேலேயே வைத்துவிட்டார். ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். எழுந்து போகும்போதும் உறை மேசையிலேயே கிடந்தது. அஜீஸோடு இராக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சதாமின் தம்பி பர்ஸான், தாய் ஒன்று, தந்தை வேறு. அஜீஸால் தன்னிச்சையாக ஒரு கடிதத்தை வாங்கிக்கொள்ளக்கூட முடியாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? அமெரிக்கத் தரப்பிலும் பேரம் பேசும் எண்ணம் இல்லை. போருக்கு முன் பேசிப் பார்த்தோம் என்று காட்டவேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பேச்சு முறிந்தது என்று சொல்வதே சரியில்லை, அது கூடவேயில்லை.

இப்போது ஆக்ராவுக்குத் திரும்புகிறேன். யாராவது விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டீர்கள். அன்று இரவு, அந்த நிலையில், முடிந்திருக்காது. ஆனால் அதே இரண்டு பேர் அதே இரண்டு விஷயத்தில் இரண்டரை வருடம் கழித்து உடன்பட்டார்கள். நடுவில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்தது, எல்லையில் இரண்டு படைகளும் மாதக்கணக்கில் எதிரெதிரே நின்றன. பிறகு 2003 நவம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர்நிறுத்தம். வாஜ்பாயின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரஜேஷ் மிஸ்ராவும் பாகிஸ்தான் தரப்பில் தாரிக் அஜீஸும் (இராக்கியர் இல்லை, முஷாரஃபின் நம்பிக்கைக்குரிய அதிகாரி) செய்திக்கு வராமல் பேசிப் பேசி வரியைச் செதுக்கினார்கள். சார்க் மாநாட்டுக்கு வாஜ்பாய் இஸ்லாமாபாத் போயிருந்தபோது, 2004 ஜனவரி 6 அன்று அறிக்கை வந்தது.

அதில் 'மையம்' என்ற சொல் இல்லை. ஜம்மு காஷ்மீர் உட்பட எல்லாப் பிரச்சினைகளும் இரண்டு தரப்புக்கும் திருப்தியாகத் தீரும் என்று இருந்தது. காஷ்மீர் பெயர் சொல்லி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றோடும் சேர்ந்து இருக்கிறது. 'எல்லை தாண்டிய' என்பதும் இல்லை. பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் உள்ள எந்த நிலப்பகுதியையும் பயங்கரவாதத்துக்கு ஆதரவாகப் பயன்படுத்த அனுமதிக்கமாட்டேன் என்று முஷாரஃப் உறுதி அளித்திருந்தார். எல்லை என்று சொன்னால் எது எல்லை என்ற கேள்வி வரும். 'பாகிஸ்தான் நிலம்' என்று சொன்னால், அவர்கள் கையில் இருக்கும் காஷ்மீர்ப் பகுதியை இந்தியா அவர்களுக்கே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். 'கட்டுப்பாட்டில் உள்ள' என்றால் அந்தப் பகுதியும் உள்ளே வந்துவிடுகிறது, அது யாருடையது என்று யாரும் சொல்லவும் இல்லை.

அந்த இரவும் நான் பணியில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தலைப்புக்கு இடம் போதவில்லை என்று 'பாகிஸ்தான் மண்ணில் பயங்கரவாதத்துக்கு இடமில்லை: முஷாரஃப் உறுதி' என்று சுருக்கி எழுதிக்கொண்டு வந்தான். தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அறிக்கையின் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு இருவரும் எழுத்தின் அளவைக் குறைத்து, 'கட்டுப்பாட்டில் உள்ள' என்பதை உள்ளே சேர்த்தோம்.